எம்.எல்.ஏ. சொன்னதில் நமக்குச் சேருவது எது?
கிட்வாய் நகர்த் தமிழர்களுக்குச் சில விவரங்கள்

சட்டசபை உறுப்பினர் ஒருவர் காலனிக்கு வந்தால் நடப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பூங்காவில் பந்தல் போடுவார்கள். குடியிருப்போர் சங்கத்தார் மாலை அணிவிப்பார்கள். பிறகு எம்.எல்.ஏ. மின்சாரம், தண்ணீர், ரேஷன், ஆஸ்பத்திரி, பஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அரசாங்கம் என்ன செய்திருக்கிறது, இனி என்ன செய்யப்போகிறது என்று கணக்குச் சொல்வார். பேச்சு ஹிந்தியில் இருக்கும். பின்வரிசையில் நிற்கும் நம்மவர்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வீடு திரும்புவார்கள். "எல்லாருக்கும் உண்டாம்" என்ற ஒரு வாக்கியம்தான் காதில் மிஞ்சும்.

சங்கடமே அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. அரசாங்கத்தின் எந்தச் சலுகையும் எல்லாருக்கும் உண்டு என்று கிடையாது. ஒன்று மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும். இன்னொன்று ரேஷன் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும். மற்றொன்று ஆதாரில் எந்த ஊர் முகவரி என்று பார்க்கும். தலைநகர்வாழ் தமிழர்களில் பலர் இழந்து நிற்பது தகுதி இல்லாததால் அல்ல, காகிதம் வேறு ஊரில் இருப்பதால்தான்.

இரண்டு தமிழர்கள்

ரிங் ரோட்டுக்கு வடக்கே, அரவிந்தர் மார்க்கத்தின் இரு புறமும் கிழக்கு, மேற்கு என்று பிரிந்து கிடப்பது கிட்வாய் நகர். தெற்கே சாலையைக் கடந்தால் எய்ம்ஸ், சப்தர்ஜங் ஆஸ்பத்திரிகள், கிட்டத்திலேயே ஐ.என்.ஏ. மார்க்கெட், கொஞ்ச தூரத்தில் லட்சுமிபாய் நகரில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம். மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பேட்டை நீண்ட காலமாகப் பழக்கம். கிழக்குப் பகுதியில் 86 ஏக்கரில் இருந்த பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிக்கப்பட்டு, இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன.

இங்கே இரண்டு விதமான தமிழர்கள் உண்டு. உதாரணத்துக்கு இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர், ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா; குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட் அவர் பெயரில் இருக்கிறது; மின்சார மீட்டரும் அவர் பெயரில்தான். மற்றவர், அதே காலனியில் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக் கொடுக்கும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து அம்மாள். பொழுது சாய்ந்ததும் கோட்லா முபாரக்பூரில் உள்ள வாடகை அறைக்குப் போய்விடுவார். இருவரும் ஒரே பூங்காவில் நின்று ஒரே பேச்சைக் கேட்கிறார்கள். ஆனால் இருவருக்கும் எம்.எல்.ஏ. ஒருவரே அல்ல. கிட்வாய் நகர் புதுடில்லி சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது. கோட்லா வேறு தொகுதி. கிட்வாய் நகரின் நகராட்சிப் பணிகள் புதுடில்லி நகராட்சி மன்றத்தின், அதாவது என்.டி.எம்.சி.யின் பொறுப்பு; கோட்லாவுக்கு டில்லி மாநகராட்சி. மின்சாரம்கூட இங்கே என்.டி.எம்.சி., அங்கே பி.எஸ்.இ.எஸ். ஒரு சாலையைக் கடந்தால் எல்லாமே மாறிவிடுகிறது.

சபை இல்லாதிருந்த காலம்

டில்லிக்கு எம்.எல்.ஏ. என்ற ஒருவர் எப்போதும் இருந்ததில்லை. 1952-இல் 48 உறுப்பினர்கள் கொண்ட சட்டசபை ஏற்பட்டது. 1956-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது அது போய்விட்டது. 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி 61 பேர் கொண்ட மாநகர் கவுன்சில் வந்தது. அது யோசனை சொல்லலாம், சட்டம் செய்ய முடியாது. 1991-இல் அரசியல் சட்டத்தின் 69-ஆவது திருத்தம் நிறைவேறி, 1993 நவம்பரில் 70 தொகுதிகளுக்குத் தேர்தல் நடந்த பிறகே டில்லிவாசிக்கு மீண்டும் ஓர் எம்.எல்.ஏ. கிடைத்தார். அப்போதும் போலீஸ், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றும் மத்திய அரசின் கையிலேயே நின்றுவிட்டன.

புதுடில்லித் தொகுதி பெரிய தலைகளைக் கண்ட தொகுதி. 2008-இல் முதலமைச்சர் ஷீலா தீட்சித் இங்கே வெற்றி பெற்றார். 2013-இல் அவரை அரவிந்த் கேஜ்ரிவால் தோற்கடித்தார். 2025 பிப்ரவரியில் கேஜ்ரிவாலை பர்வேஷ் வர்மா தோற்கடித்து, புதிய அரசில் பொதுப்பணி, தண்ணீர் இலாகாக்களின் அமைச்சராகவும் ஆனார். அந்தத் தேர்தலில் வித்தியாசம் 4,089 வோட்டுகள்தான். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதைப் பற்றிப் பேசுவோம்.

குடியிருப்போர் சங்கங்களையும் அதிகாரிகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் குறைகளைப் பேசச் செய்யும் 'பாகீதாரி' என்ற ஏற்பாட்டை ஷீலா தீட்சித் அரசு 2000-இல் தொடங்கியது. காலனிக்காரர்கள் அதிகாரியை நேரில் கேள்வி கேட்கும் பழக்கம் அப்போது பலப்பட்டது. ஆனால் அதில் உட்கார்ந்தவர்கள் வீடு உள்ளவர்கள். வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குச் சங்கத்தில் இடமில்லை. ஆகவே அந்த அறையிலும் இடமில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது?

எம்.எல்.ஏ.யிடம் கொடுக்கப்படும் மனுக்களில் பல, அவர் கைக்கு உட்பட்டவை அல்ல. பழைய குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகினால், கதவு உளுத்துப்போனால், அது மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலை. பழைய குவார்ட்டர்ஸ்வாசிகள் 'என்கொயரி ஆபீஸ்' என்று சொல்லும் இடத்தில் புகாரைப் பதிவு செய்து எண் வாங்கவேண்டும். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு எஸ்டேட் இயக்குநரகத்தைச் சேர்ந்தது. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, மின்சாரம் ஆகியவை என்.டி.எம்.சி.யைச் சேர்ந்தவை, அதன் புகார் தொலைபேசி எண் 1533. திருட்டுப் போனால் போலீஸ். அது மத்திய உள்துறையின் கீழ். எய்ம்ஸும் சப்தர்ஜங்கும் மத்திய அரசின் ஆஸ்பத்திரிகள்.

பின்னே எம்.எல்.ஏ. எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் என்.டி.எம்.சி.க்குத் தேர்தல் கிடையாது. கவுன்சிலர் என்று நம் தெருவுக்கு ஒருவர் வரமாட்டார். மன்றத்தில் தலைவரும், அதிகாரிகளும், நியமன உறுப்பினர்களும் அமர்வார்கள். வோட்டு வாங்கி வந்தவர்கள் என்று அங்கே இருப்பவர்கள் புதுடில்லி எம்.பி.யும், புதுடில்லி, டில்லி கன்டோன்மென்ட் தொகுதிகளின் எம்.எல்.ஏ.க்களும் மட்டுமே. ஆகவே கிட்வாய் நகரின் விளக்கு, சாக்கடை பற்றி அந்த மேஜையில் பேச நம் சார்பில் உள்ள வாய் அவருடையது. அதோடு தொகுதி வளர்ச்சி நிதியும் உண்டு. 2024-இல் ஆண்டுக்கு 15 கோடி ரூபாய் வரை உயர்த்தப்பட்ட அந்த நிதி, 2025-இல் 5 கோடி என்று நிர்ணயிக்கப்பட்டது.

எனவே, ஒழுகும் குழாய்க்காக எம்.எல்.ஏ.யைத் தேடிப்போவது வீண். பத்து முறை புகார் கொடுத்தும் தெருவே இருட்டாகக் கிடந்தால், அந்தப் பத்துப் புகார் எண்களையும் எழுதிக்கொண்டு அவரிடம் போவது நியாயம்.

மின்சாரமும் பஸ்ஸும்

டில்லியில் 2019 ஆகஸ்டு முதல் மாதம் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரத்துக்குக் கட்டணமில்லை. 201 முதல் 400 யூனிட் வரை பாதி மானியம், 800 ரூபாய்க்கு மிகாமல் என்று ஏற்பாடு வந்தது. 2022 அக்டோபர் முதல், மானியம் வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்தவருக்கே அது என்றார்கள். 2025-இல் வந்த புதிய அரசும் தன் முதல் பட்ஜெட்டில் இதற்குப் பணம் ஒதுக்கியது.

நமது குமாஸ்தாவுக்கு இதில் சிரமமில்லை. மீட்டர் அவருடையது, பதிவு செய்திருக்கிறாரா என்று பில்லைப் பார்த்துக்கொண்டால் போதும். கோட்லா அறையில் இருக்கும் அம்மாளுக்கோ மீட்டர் வீட்டுக்காரர் பெயரில். சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொன்ன ரேட்டைக் கொடுக்கிறார். எம்.எல்.ஏ. சொன்ன 'ஜீரோ பில்' அவர் கண்ணில் படவேயில்லை. இத்தகைய வாடகைக்காரர்கள் தம் பெயரிலேயே ப்ரீபெய்ட் மீட்டர் வாங்கிக்கொள்ள 2019 செப்டம்பரில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்கும் வாடகை ஒப்பந்தமோ ரசீதோ வேண்டும். வாயால் பேசி வாடகைக்கு இருப்பவருக்கு அது எட்டாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சர்க்கார் குவார்ட்டர்ஸில் ஓர் அறையைக் கள்ளத்தனமாக உள்வாடகைக்கு விடுவது விதிப்படி குற்றம். அப்படிக் குடியிருப்பவர் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அந்த முகவரிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்க முடியாது. வாடகை குறைச்சல் என்று நம்மவர்கள் அங்கே ஒதுங்குகிறார்கள். பிற்பாடு பள்ளிச் சேர்க்கையிலிருந்து பென்ஷன் வரை எல்லாவற்றிலும் தடுக்கி விழுகிறார்கள். டில்லி அரசின் முதியோர் பென்ஷனுக்கு ஐந்து ஆண்டுகள் டில்லியில் குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

பஸ் விஷயமும் இந்தப் பக்கமே திரும்புகிறது. 2019 அக்டோபர் 29 அன்று டில்லி அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியபோது, ஏறிய எந்தப் பெண்ணுக்கும் இளஞ்சிவப்பு டிக்கெட் கொடுத்தார்கள். ஊர் எது என்று கேட்கவில்லை. 2025-இல் அரசு அறிவித்த 'சஹேலி' அட்டை, டில்லி முகவரி உள்ள பெண்களுக்கு மட்டும் என்றே அறிவிக்கப்பட்டது.

ரேஷன்: ஊர்க் கார்டு இங்கே செல்லுமா?

கிட்வாய் நகருக்குப் பெயர் தந்த ரபி அகமது கிட்வாய் 1952-இல் மத்திய உணவு மந்திரியானவர். அதே ஆண்டு சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தபோது அவருக்கு ஆதரவாக நின்றவர். அவர் காலத்து ரேஷன் வேறு. இன்றைய ரேஷன் 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடப்பது. முன்னுரிமைக் கார்டுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயா கார்டுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இது இலவசம். 2024 ஜனவரியிலிருந்து மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. டில்லி 2021 ஜூலையில் சேர்ந்தது. அதன்படி கள்ளக்குறிச்சிக் கார்டைக் கொண்டு கோட்லா ரேஷன் கடையில் கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். குடும்பத்தில் பாதிப் பேர் ஊரிலும் பாதிப் பேர் இங்கும் இருந்தால் அவரவர் பங்கை அவரவர் இருக்கும் இடத்தில் வாங்கலாம். கார்டு ஊரிலேயே இருக்கலாம்; எண்ணும் ஆதார் இணைப்பும் இருந்தால் போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ரேஷன் கார்டு உண்டு. அதில் முன்னுரிமைக் கார்டும் அந்தியோதயா கார்டும் மட்டுமே மத்தியச் சட்டத்தில் சேர்ந்தவை. முன்னுரிமை அல்லாத கார்டுக்குக் கொடுக்கும் அரிசி தமிழ்நாடு அரசின் சொந்தச் செலவு. அது மாநில எல்லையைத் தாண்டாது. கடைக்குப் போய் ஏமாறுவதற்கு முன்னால் கார்டின் வகையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

டில்லியிலேயே புதுக் கார்டு போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். டில்லியில் இத்தனை பேருக்குத்தான் என்று மத்திய அரசு வரம்பு வைத்திருக்கிறது. அது 72 லட்சத்துச் சொச்சம். எம்.எல்.ஏ.யின் சிபாரிசுக் கடிதம் அந்த வரம்பை உயர்த்தாது. தவிர, ஊர்க் கார்டை ரத்து செய்துவிட்டு இங்கே வாங்கலாமா என்பதையும் யோசிக்கவேண்டும். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய, மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை ஊர் ரேஷன் கார்டை அடிப்படையாகக் கொண்டே கொடுக்கப்பட்டது. ஒன்றை எடுத்தால் இன்னொன்று போகும்.

ஆஸ்பத்திரிச் செலவு

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் டில்லி 2025 ஏப்ரல் 5 அன்று சேர்ந்தது. மத்திய அரசின் 5 லட்சத்தோடு டில்லி அரசு 5 லட்சம் சேர்த்து, தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை என்று அறிவிக்கப்பட்டது. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் தனி அட்டை. இது நாடு முழுவதற்கும் 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது.

குமாஸ்தா வீட்டில் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் 70 வயதுத் தாயாருக்கு சி.ஜி.எச்.எஸ். அட்டை இருந்தால், அதையோ ஆயுஷ்மானையோ ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும். யோசிக்காமல் முகாமில் பெயர் கொடுத்துவிடக் கூடாது. இ.எஸ்.ஐ. அல்லது தனியார் இன்ஷூரன்ஸ் உள்ள 70 வயதினருக்கு இந்தத் தடை இல்லை. விவரத்துக்குத் தொலைபேசி எண் 14555. சாதாரண வெளிநோயாளியாக எய்ம்ஸ், சப்தர்ஜங் போக எந்த மாநிலத்தவருக்கும் தடையில்லை, அதற்கு எம்.எல்.ஏ. கடிதம் தேடி அலைய வேண்டியதில்லை.

மதராஸி கேம்ப் கற்பித்த பாடம்

காகிதத்தைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவானேன் என்று சிலர் நினைக்கலாம். கிட்வாய் நகரிலிருந்து சில மைல் தூரத்தில் ஜங்புராவில், பாராபுல்லா சாக்கடை ஓரத்தில் மதராஸி கேம்ப் இருந்தது. பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் வாழ்ந்த இடம். பெண்கள் சுற்றுவட்டாரக் காலனிகளில் வீட்டு வேலை. ஆண்கள் கூலி வேலை. மழைநீர் வடியும் வழியை மறிக்கிறது என்று, டில்லி உயர் நீதிமன்றத்தின் 2025 மே 9 உத்தரவுப்படி, ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது.

அங்கே இருந்தவை சுமார் 370 குடிசைகள். நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உள்ளவை என்று முதலில் கணக்கிடப்பட்டவை 189 குடும்பங்கள். டில்லியின் 2015-ஆம் ஆண்டுக் குடிசை மறுவாழ்வுக் கொள்கைப்படி, 2015 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே இருந்ததை வாக்காளர் பட்டியல் போன்ற ஆவணங்களைக் காட்டி நிரூபிக்கவேண்டும். பக்கத்துப் பக்கத்துக் குடிசை, ஒரே குழாய்த் தண்ணீர். ஒருவருக்கு வீடு, மற்றவருக்கு ஒன்றுமில்லை. வீடு கிடைத்தவர்களுக்கும் நரேலா டில்லியின் வடக்குக் கோடி. வேலை செய்யும் வீடுகளோ தெற்கே. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எது ஊர்?

அந்த மக்களிடமும் பல தேர்தல்களில் வேட்பாளர்கள் வந்து பேசியிருக்கிறார்கள். கை தட்டியவர்கள் அனைவரும் பட்டியலில் இருக்கவில்லை.

வோட்டு எங்கே?

இப்போது 4,089 என்ற எண்ணுக்கு வருவோம். இத்தனை சிறிய வித்தியாசத்தில் முன்னாள் முதலமைச்சரே தோற்ற தொகுதியில், சில நூறு தமிழ் வோட்டுகளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் நம்மவர்களில் பலர் வோட்டை ஊரிலேயே வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பாசம் நல்லதுதான். ஆனால் தேர்தலன்று ரயில் ஏறிப் போகிறவர் எத்தனை பேர்?

ஊரிலும் அந்தப் பெயர் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகளோடு, குடிபெயர்ந்தவர்கள் என்று நீக்கப்பட்டவர்களும் அதில் ஏராளம். இங்கும் இல்லை, அங்கும் இல்லை என்ற நிலை நமக்கு வரலாம்.

இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்வதும் கூடாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவருக்கு ஒரு தொகுதியில்தான் பதிவு. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். இடம் மாறியவர் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். புதிதாகச் சேர்பவருக்குப் படிவம் 6. கேட்டறிய எண் 1950. ஊரில் நிலம், ரேஷன் கார்டு, வீடு இருப்பதற்கும் வோட்டுக்கும் சம்பந்தமில்லை. வோட்டை இங்கே மாற்றினால் அவை போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

அடுத்த முறை என்ன கேட்பது?

எம்.எல்.ஏ. அடுத்த முறை காலனிக்கு வரும்போது நம்மவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்தச் சலுகை எந்த அரசாங்கத்தினுடையது? இதற்கு டில்லி முகவரி வேண்டுமா? வாடகை அறையில் இருப்பவர் எதை அத்தாட்சியாகக் காட்டலாம்? மனுவை எந்தக் காரியாலயத்தில், எந்த அதிகாரியிடம் கொடுப்பது? என்.டி.எம்.சி. கூட்டத்தில் நம் தெருவைப் பற்றி நீங்கள் எப்போது எழுப்பினீர்கள்? ஹிந்தியில் பேச வராதவர்கள் தமிழில் எழுதி, தெரிந்த ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். மனுவுக்கு இரண்டு பிரதி. ஒன்றில் தேதி முத்திரையும் டைரி எண்ணும் வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும். அடுத்த கேள்விக்கு அதுதான் ஆதாரம்.

காரியாலயங்களில் வேலை பார்க்கும் நம் குமாஸ்தாக்களுக்குப் படிவம் நிரப்புவதும் டைரி எண் வாங்குவதும் தினப்படி வேலை. அதே வித்தையை, தம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் செலவிட்டால் பெரிய உபகாரமாகும். அவருடைய ரேஷன் கார்டு எந்த வகை, வாடகைக்கு ரசீது இருக்கிறதா, வோட்டு எங்கே இருக்கிறது என்ற மூன்று கேள்விகளோடு தொடங்கலாம்.